வைஃபை மட்டும் வரலை, டீச்சர்!

(கணினி சந்தேகங்கள் பகுதி. பதில் சொல்பவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக் கணினி ஆசிரியை.)

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி. "லினக்ஸ் போட்டேன், நல்லா ஓடுது, வைஃபை மட்டும் வரலை." காரணம் தெரிஞ்சதுதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. பழைய லேப்டாப் பலதில் விண்டோஸ் 11 ஏறாது. தூக்கிப் போட மனசு வராம வீட்டுக்கு ஒருத்தர் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸை, அதில் உபுண்டு, மின்ட்னு ஏதோ ஒரு ரகத்தைப் போட ஆரம்பிச்சிருக்காங்க. சந்தோஷம். அதனால இந்த இதழ் முழுக்க வைஃபைதான். பிரின்டர் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

ஒரு விஷயம். கமாண்டுகளை நான் போனில் சொல்ற மாதிரியே எழுத்து எழுத்தாத்தான் எழுதுவேன். முன்னே ஒரு தடவை ஆங்கிலத்திலேயே கொடுத்தேன். அச்சில் ஹைஃபன் நீளக் கோடா மாறிப் போச்சு. அதை அப்படியே அடிச்சுப் பார்த்து "தப்புன்னு வருதே"ன்னு எனக்கு வந்த போன் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாமே சின்ன எழுத்து. ஸ்பேஸ்னு சொன்னா ஸ்பேஸ்.

*

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப் இது. விண்டோஸ் நகரவே இல்லை என்று தெருப் பையன் ஒருவன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். பாட்டு, படம், கணக்கு எழுதுவது எல்லாம் சரி. வைஃபை அடையாளமே இல்லை. டிரைவர் இறக்கு என்கிறார்கள். நெட் இல்லாமல் டிரைவர் எப்படி இறக்குவது, டிரைவர் இல்லாமல் நெட் எப்படி வரும்?
(வலைக்கடை வைத்திருப்பவர், கடலூர் முதுநகர்)

பதில்: நல்லாக் கேட்டீங்க அண்ணே. இந்த முடிச்சை அவிழ்க்கிற சாமான் உங்க சட்டைப் பையிலேயே இருக்கு. செல்போனை கேபிள் போட்டு லேப்டாப்பில் சொருகுங்க. போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் இருக்கிற இடத்திலேயே "யுஎஸ்பி டெதரிங்"னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. சில நொடியில் லேப்டாப்பில் வயர் கனெக்‌ஷன் வந்த மாதிரி காட்டும். இதுக்குத் தனி டிரைவர் (ஒரு கருவியோட லினக்ஸ் பேச உதவுற மென்பொருள்) எதுவும் வேண்டாம், லினக்ஸிலேயே இருக்கு. டெதரிங் பட்டன் மங்கலாவே இருந்தா கேபிளை மாத்துங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் நிறைய உலாவுது, அதில் டேட்டா போகாது.

நெட் வந்துடுச்சுன்னு உடனே டிரைவர் தேடக் கிளம்பாதீங்க. முதலில் உள்ளே இருக்கிற வைஃபை கார்டு எதுன்னு தெரியணும். லேப்டாப் கம்பெனி பேரு இதுக்கு உதவாது. ஒரே மாடலில் இந்த மாசம் ஒரு கார்டு, அடுத்த மாசம் வேற கார்டுன்னு போட்டு அனுப்புவாங்க. என் லேபில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ரெண்டு லேப்டாப், பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. உள்ளே கார்டு வேற வேற.

டெர்மினலை (கமாண்டு அடிக்கிற ஜன்னல்) திறங்க. எல்-எஸ்-பி-சி-ஐ, ஸ்பேஸ், ஹைஃபன், என்-என்-கே. என்டர். சரசரன்னு ஒரு பட்டியல் ஓடும். அதில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்"னு தொடங்குற வரியைத் தேடுங்க. "ஈதர்நெட் கன்ட்ரோலர்"னு இன்னொண்ணு இருக்கும், அது வயர் சொருகுற ஓட்டைக்கு உள்ளது. அந்த எண்ணை அனுப்பி என்னை அலைய விட்டவங்க நிறைய. நெட்வொர்க் வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள்ளே நாலு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இன்னொரு நாலு எழுத்து இருக்கும். அதுதான் கார்டோட ஜாதகம். முதல் நாலு, செஞ்ச கம்பெனி. 14இ4-ன்னா பிராட்காம். 10இசி-ன்னா ரியல்டெக். 168சி-ன்னா ஏதெராஸ். 8086-ன்னா இன்டெல் (1978-இல் அவங்க போட்ட பிராசஸரோட எண்ணையே அடையாளமா வெச்சுக்கிட்டாங்க, குறும்புதான்). அடுத்த நாலு, எந்தச் சில்லுன்னு சொல்லும். அதுக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருந்தா டிரைவர் ஏறியிருக்கு. இல்லேன்னா ஏறலை.

நீங்க அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். 14இ4:4365. பிராட்காம் 43142. எனக்கு ரொம்பப் பழகின பேர்வழி. இதுக்கு லினக்ஸ்காரங்க எழுதின திறந்த டிரைவர் (நிரலை யாரும் பார்க்கலாம், மாத்தலாம்) கிடையாது, கம்பெனி கொடுக்கிற மூடின டிரைவர்தான். அதுவும் 2015-க்கு அப்புறம் கம்பெனி புதுசா எதுவும் வெளியிடலை. டெபியன் (இதுவும் ஒரு லினக்ஸ் ரகம்), உபுண்டு ஆட்கள் ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் (லினக்ஸோட மையப் பகுதி) ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அதை ஓட வெச்சிட்டிருக்காங்க. மூடின சரக்குங்கிறதால மின்ட் அதைத் தானா போடாது, உங்களைக் கேட்டுத்தான் போடும்.

போன் டெதரிங்கில் இருக்கும்போதே மெனுவில் "டிரைவர் மேனேஜர்" திறங்க. பாஸ்வேர்ட் கேட்கும். கொஞ்சம் யோசிச்சிட்டு பிராட்காம்னு ஒரு வரி காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை பண்ணுங்க. திரையில் கோடு ஓடி முடிக்கிற வரைக்கும் லேப்டாப் மூடியை மூடாதீங்க. ரீஸ்டார்ட். அவ்வளவுதான். போனே இல்லேன்னாலும் வழி உண்டு: மின்ட் போட்ட அதே பென்டிரைவைச் சொருகிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தா, அதிலிருந்தே எடுத்துக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது நல்லா வேலை செஞ்சிடுச்சுன்னு பக்கத்து வீட்டு லேப்டாப்புக்கும் இதையே போட்டுடாதீங்க. இந்தப் பொட்டலம் ஏறும்போது பி43, பி-சி-எம்-ஏ மாதிரியான திறந்த டிரைவர்களைத் தடைப் பட்டியலில் போட்டுடும். அந்த வீட்டுக் கார்டுக்கு அந்தத் திறந்த டிரைவர்தான் வேணும்னா, ஓடிட்டிருந்த வைஃபையும் போயிடும். புதுச்சேரி காலேஜ் பையன் ஒருத்தன் மூணு இடத்தில் பார்த்த கமாண்டை வரிசையா அடிச்சிட்டு வந்தான். அவன் கார்டு பழைய 4312. அவன் அடிச்ச மூணும் மூணு வேற கார்டுக்கு உள்ளது. வைஃபையைச் சரி பண்ண எனக்குப் பத்து நிமிஷம். அவன் போட்டதையெல்லாம் கழட்ட ஒரு சாயங்காலம்.

*

கேள்வி: டெபியன் போட்டேன். டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் இல்லை என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?
(பட்டதாரி ஆசிரியர், பண்ருட்டி)

பதில்: ஒண்ணு இல்லைங்க சார். டிரைவர், கர்னல் பக்கத்தில் நின்னு கார்டோட பேசுற ஆள். ஃபர்ம்வேர், கார்டுக்குள்ளேயே ஓடுற குட்டிப் புரோகிராம். கரண்ட் போனா கார்டு அதை மறந்துடும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிரைவர்தான் ஊட்டி விடணும். ஊட்டச் சோறு இல்லேன்னா ஆள் நின்னு என்ன பண்ணும்?

டெபியன் 12-க்கு முன்னாடி, சுதந்திர மென்பொருள் இல்லைங்கிறதால ஃபர்ம்வேரை அவங்க வழக்கமான நிறுவல் பென்டிரைவில் சேர்க்காம இருந்தாங்க. 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துட்டாங்க. நீங்க போட்டது 11-ஆ இருக்கும். 12 அல்லது அதுக்கு மேல இறக்கிப் போடுங்க.

*

கேள்வி: ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வைஃபை பறக்கிறது. அடுத்த அறைக்குப் போனால் ஒரே ஒரு கோடு. கூடத்தைத் தாண்டினால் அதுவும் இல்லை. அதே இடத்தில் என் போனில் முழுச் சிக்னல். லேப்டாப்பில் உபுண்டு. விண்டோஸ் இருந்தபோது இப்படி இல்லை. ரூட்டரை மாற்றச் சொல்கிறார் அப்பா.
(கல்லூரி மாணவி, பாகூர்)

பதில்: அப்பாகிட்டே சொல்லி அந்தக் காசை மிச்சம் பிடிம்மா. நீ எழுதியிருக்கிற எண் 10இசி:பி723. ரியல்டெக் 8723பிஇ. இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

இந்தக் கார்டில் ஆன்டெனா வயர் மாட்ட ரெண்டு குமிழ் உண்டு. கடுகு சைஸில் தங்க நிறத்தில் இருக்கும். லேப்டாப் செய்றவங்க செலவைக் குறைக்க ஒரே ஒரு வயரைத்தான் இழுத்திருப்பாங்க, அதையும் ஏதாவது ஒரு குமிழில் மாட்டியிருப்பாங்க. எந்தக் குமிழ்ங்கிற தகவல் கார்டில் சரியாப் பதிஞ்சிருக்காது. விண்டோஸ் டிரைவருக்கு அது தெரியற மாதிரி பண்ணிடுவாங்க. லினக்ஸ் டிரைவர் பாவம், வயரே இல்லாத குமிழில் காதை வெச்சுக் கேட்டுட்டிருக்கும். ரூட்டர் மூணடியில் இருந்தா அப்பவும் கேட்கும், அதான் பக்கத்தில் மட்டும் பறக்குது.

முதலில் சோதனை. இப்போ சிக்னல் எவ்வளவுன்னு பார்த்து எழுதி வெச்சுக்கோ: என்-எம்-சி-எல்-ஐ, ஸ்பேஸ், டி-இ-வி, ஸ்பேஸ், வைஃபை (டபிள்யூ-ஐ-எஃப்-ஐ, நடுவில் ஹைஃபன் கிடையாது). சிக்னல் பத்தியில் 100-க்கு எவ்வளவுன்னு வரும். இப்போ டிரைவரைக் கழட்டணும்: சுடோ (எஸ்-யு-டி-ஓ), ஸ்பேஸ், மோட்புரோப் (எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-இ), ஸ்பேஸ், ஹைஃபன் ஆர், ஸ்பேஸ், ஆர்-டி-எல்-8723-பி-இ. வைஃபை போயிடும், பயப்படாதே. திரும்ப ஏத்து: அதே வரி, ஹைஃபன் ஆர் இல்லாம, கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு ஏ-என்-டி, அண்டர்ஸ்கோர், எஸ்-இ-எல், சமக்குறி, 2. சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் கூடாது. மறுபடி சிக்னலைப் பாரு. சிக்னல் ஏறலேன்னா டிரைவரைத் திரும்பக் கழட்டிட்டு 2-க்குப் பதிலா 1 போடு. ரெண்டில் ஒண்ணு நிச்சயமா வித்தியாசம் காட்டும். எங்க தெருவில் ஒரு நர்ஸம்மா வீட்டில் இதைப் பண்ணினப்போ சமையலறையில் 24 காட்டினது 78-க்குப் போச்சு. "என்னம்மா மந்திரம் போட்டீங்க?"ன்னு காபி கொடுத்தாங்க.

எந்த எண் சரிப்பட்டதோ அதை நிரந்தரமாக்கணும், இல்லேன்னா ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆயிடும். ஸ்லாஷ் இ-டி-சி, ஸ்லாஷ் மோட்புரோப் புள்ளி டி-ங்கிற ஃபோல்டருக்குள்ளே ஒரு ஃபைல். பேரு என்னவா வேணா இருக்கலாம், கடைசியில் புள்ளி சி-ஓ-என்-எஃப் இருக்கணும். உள்ளே ஒரே வரி: ஆப்ஷன்ஸ், ஸ்பேஸ், டிரைவர் பேரு, ஸ்பேஸ், நீ போட்ட அந்த ஏ-என்-டி சமாச்சாரம். ஆப்ஷன்ஸில் கடைசி எஸ்-ஸை விட்டுடாதே. நான் விட்டுட்டு அரை மணி நேரம் முழிச்சிருக்கேன்.

*

கேள்வி: வைஃபை பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அழுத்தினால் அசையவில்லை.
(தட்டச்சுப் பயிலக உரிமையாளர், நெல்லிக்குப்பம்)

பதில்: டெர்மினலில் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், ஸ்பேஸ், லிஸ்ட். "சாஃப்ட் பிளாக்டு: எஸ் (ஒய்-இ-எஸ்)"னு வந்தா, சுடோ போட்டு அதே ஆர்-எஃப்-கில், ஸ்பேஸ், அன்பிளாக், ஸ்பேஸ், ஆல். தீர்ந்தது. "ஹார்டு பிளாக்டு: எஸ்"னு வந்தா கமாண்டால் ஒண்ணும் நடக்காது. பழைய லேப்டாப்பில் முன்விளிம்பில், கை வைக்கிற இடத்துக்குக் கீழே, நகம் அளவு ஒரு தள்ளு ஸ்விட்ச் இருக்கும். துணிப்பையில் வெச்சு எடுக்கும்போது அதுவே நகர்ந்துடும். தடவிப் பாருங்க. ஸ்விட்ச் இல்லாத மாடல்னா எஃப்-என் கட்டையோட கோபுரப் படம் போட்ட கட்டையை அழுத்துங்க. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிற மெஷின்னா, விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்"பை அணைச்சுட்டு முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. அது பாதித் தூக்கத்தில் கார்டைப் பிடிச்சு வெச்சுக்கும்.

*

கேள்வி: நீங்கள் சொன்னபடி பட்டியல் எடுத்தால் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியே இல்லை. எந்த டிரைவர் போடுவது?
(தேவனாம்பட்டினம்)

பதில்: எதையும் போடாதீங்க. பட்டியலிலேயே இல்லாத கார்டுக்கு டிரைவர் போடுறது, பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி. (சில லேப்டாப்பில் கார்டு யுஎஸ்பி வழியா இருக்கும். எல்-எஸ்-யு-எஸ்-பி அடிச்சும் ஒரு தடவை பார்த்துடுங்க.)

உங்க ஊர்ப் பேரைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு சந்தேகம். சில்வர் பீச் ரோட்டில் ஒரு வீட்டு லேப்டாப், இதே கதை. ரெண்டு நாள் கர்னலை மாத்தி, உபுண்டுவை அழிச்சுத் திரும்பப் போட்டு, லினக்ஸை வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேன். மூணாம் நாள் பின்மூடியைக் கழட்டினேன். கார்டை ஸ்லாட்டிலிருந்து எடுத்துப் பார்த்தா, தங்கப் பல்வரிசை ஓரத்தில் பச்சை பூத்திருக்கு. உப்புக் காத்து. அந்த வீட்டில் ஜன்னலோரம்தான் மேசை, சாயங்காலம் ஆனா ஜன்னல் திறந்துதான் இருக்கும். பேத்தியோட பென்சில் ரப்பரை வாங்கி, அந்தப் பல்வரிசையை ஒரே திசையில் மெதுவாத் தேய்ச்சேன். ரப்பர் கறுத்துப் போச்சு, பல் பளிச்சுன்னு ஆச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைச்சு, காய விட்டு, திரும்பச் சொருகினேன். பட்டியலில் வந்துடுச்சு. டிரைவர் எதுவும் போடவே இல்லை, தானா ஏறிக்கிச்சு. நான் திட்டின திட்டெல்லாம் வீண்.

நீங்களே செய்யறதா இருந்தா, பேட்டரி கழட்ட வர்றதா இருந்தா கழட்டிடுங்க, உள்ளே இருந்தா அதோட கனெக்டரை உருவிடுங்க. ஆன்டெனா வயரில் எது கறுப்பு, எது வெள்ளை, எந்தக் குமிழில் இருந்ததுன்னு போனில் ஒரு படம் எடுத்துட்டு அப்புறம் கழட்டுங்க. கைப் பழக்கம் இல்லேன்னா லாரன்ஸ் ரோடு பக்கம் கடையில் கொடுத்து, "கார்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. "வைஃபை வரலை"ன்னு சொன்னா விண்டோஸ் போட்டுக் கொடுத்துடுவாங்க.

*

கேள்வி: ராத்திரி அப்டேட் போட்டேன். காலையில் வைஃபை காணோம். ஆபீஸ் மீட்டிங் போச்சு.
(மென்பொருள் ஊழியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: புதுக் கர்னல் ஏறியிருக்கும். உங்க கார்டுக்குத் தனியாப் போட்ட டிரைவர் பழைய கர்னலுக்குக் கட்டினது. உடனே வேலை ஆகணுமா? ரீஸ்டார்ட் பண்ணும்போது எஸ்கேப் கட்டையை (பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்ட்டை) அழுத்தினா ஒரு மெனு வரும். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்"குள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்க. வைஃபை வந்தா நோய் உறுதி. மீட்டிங்கை முடிங்க.

அப்புறம் சாவகாசமா வைத்தியம். டி-கே-எம்-எஸ், ஸ்பேஸ், ஸ்டேட்டஸ் அடிங்க. (புதுக் கர்னல் வரும்போது டிரைவரை அதுக்குக் கட்டித் தர்ற கருவி அது.) புதுக் கர்னலோட எண்ணுக்கு நேரா "இன்ஸ்டால்டு"னு இல்லேன்னா, டிரைவர் அதுக்குக் கட்டப்படலை. பெரும்பாலும் அந்தக் கர்னலோட ஹெடர்ஸ் பொட்டலம் (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாததுதான் காரணம். அதைப் போட்டா டிகேஎம்எஸ் அடுத்த தடவையிலிருந்து தானே கட்டிக்கும்.

"இன்ஸ்டால்டு"னு இருந்தும் வரலையா? அப்போ செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு வசதிதான் காரணம். கையெழுத்து இல்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வெக்கச் சொல்லியிருக்கும், ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒண்ணு வந்திருக்கும். "ஏதோ வைரஸ்"னு பயந்து "கன்டினியூ பூட்" அமுக்கிட்டீங்களா? எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. சும்மா விட்டாலும் பத்து நொடியில் அது தானே போயிடும். டிரைவரைத் திரும்பப் போட்டு, அந்தத் திரை வந்ததும் ஒரு கட்டையை அமுக்கி, "என்ரோல் எம்ஓகே", கன்டினியூ, எஸ், நீங்க வெச்ச பாஸ்வேர்ட், ரீபூட். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. எழுத்து விழலைன்னு நினைச்சு ரெண்டு தடவை அடிக்காதீங்க.

*

கேள்வி: கார்டு போராட்டமே வேண்டாம், யுஎஸ்பி ஓட்டையில் சொருகுகிற ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எது?
(வில்லியனூர்)

பதில்: கெட்டிக்கார முடிவு. ஆனா டப்பாவில் "லினக்ஸ் சப்போர்ட்"னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க, எந்தக் காலத்துக் கர்னலுக்குச் சொல்றாங்கன்னு இருக்காது. சில்லு எதுன்னு கேளுங்க. ஏதெராஸ் 9271 கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்கலாம். அதோட ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம்தான். மீடியாடெக் 7601-ம் பரவாயில்லை, கர்னலிலேயே டிரைவர் இருக்கு. ஒரே பேரில் வி1, வி2, வி3-ன்னு வரும் டாங்கிள்களில் ஜாக்கிரதை. பேரும் டப்பாவும் அதேதான், உள்ளே சில்லு மாறியிருக்கும்.

சொருகினதும் டாங்கிள் சிடி டிரைவ் மாதிரி தெரிஞ்சா ஏமாறாதீங்க. விண்டோஸ் டிரைவரைத் தனக்குள்ளேயே சுமந்துட்டு வர்ற ரகம் அது. அந்த சிடியை "எஜெக்ட்" பண்ணுங்க, அப்புறம்தான் வைஃபை முகத்தைக் காட்டும்.

*

கேள்வி: இவ்வளவு அவஸ்தை எதற்கு? விண்டோஸே இருக்கலாமே.
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கடலூர்)

பதில்: இருக்கலாம் சார், யார் வேண்டாம்னாங்க? கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்னா அதிலேயே இருங்க. ஆனா 2011-இல் தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோட, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க பிள்ளைங்க அதைத் திறந்துகூடப் பார்க்காம அழிச்சுட்டுப் படம் ஏத்திக்கிட்டாங்க. இன்னிக்கு அதே பிள்ளைங்க அதே லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "டீச்சர், லினக்ஸ் போட்டுத் தாங்க"ங்கிறப்போ எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் சந்தோஷம். அவஸ்தை கணக்கில் வரலை.

*

கேள்வி: புது ஃபைபர் ரூட்டரில் இரண்டு பெயர் வருகிறது. போனில் இரண்டும் தெரிகிறது. லேப்டாப்பில் 5ஜி என்று முடிகிற பெயர் தெரியவே இல்லை. டிரைவர் கோளாறா? கார்டு பிராட்காம் 43142.
(முத்தியால்பேட்டை)

பதில்: கோளாறு இல்லை. உங்க கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் கேட்கும், அந்தப் பேர் வர்றது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். செல்போன் 5ஜி-க்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. எந்த டிரைவர் போட்டாலும் வராது. இன்னொரு பேரில் சேர்ந்துக்குங்க. ரூட்டர் ரெண்டையும் ஒரே பேரா மாத்திட்டா, 2.4-ஐ அணைச்சுடாம மட்டும் பார்த்துக்குங்க.